வெப்ஸ் மக்கள்தொகை: 1979-ல் 8,094, 1989-ல் 12,501 எப்படி?

வெப்ஸ் என்பது ரஷ்யாவின் வடமேற்கில் வாழும், தனி மொழி கொண்ட ஒரு சிறு இனம். சோவியத் கணக்கெடுப்புகளில் அவர்கள் எண்ணிக்கை பத்தே வருடத்தில் இப்படித் தாவியது அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தீர்கள். அச்சுப்பிழை இல்லை, நீங்கள் எழுதிய இரண்டு எண்களுமே சரி. பத்தே வருடத்தில் ஒன்றரை மடங்கானது பிள்ளைகள் பிறந்து அல்ல. முன்பு "ரஷ்யர்" என்று பதிவானவர்கள் மறுபடி வெப்ஸ் என்று பதிவானார்கள், அவ்வளவுதான்.

பின்னணி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: 1930-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு லத்தீன் எழுத்தில் பாடநூல்கள் வந்தன, பள்ளிகளும் நடந்தன. 1937 வாக்கில் எல்லாம் நிறுத்தப்பட்டது. அதன்பின் வீட்டில் வெப்ஸ் பேசியவர்களையும் கணக்கெடுப்பாளர்கள் பல ஊர்களில் ரஷ்யர் என்றே எழுதிவிட்டுப் போனார்கள். பெரெஸ்த்ரோய்கா காலத்தில், அதாவது 1980-களின் பிற்பகுதியில் கோர்பச்சேவ் கொண்டுவந்த சீர்திருத்தங்களின்போது, காற்று மாறியது. 1989-ல் கரேலியாவின் தலைநகரான பெட்ரோசவோட்ஸ்கில் வெப்ஸ் பண்பாட்டுச் சங்கமும் தொடங்கியது.

சந்தேகமிருந்தால் மொத்தத்தை விட்டுவிட்டு மாகாணவாரியாகப் பாருங்கள். கரேலியாவில் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே எண், ஆறாயிரத்துக்குச் சற்றுக் கீழே. தாவல் முக்கியமாக லெனின்கிராட் மாகாணத்தில்தான். நிஜமாகவே மக்கள் பெருகியிருந்தால் ஒரு பக்கம் மட்டும் இப்படி வீங்காது.

ஒன்று மட்டும் கவனம்: இந்த எண்கள் வெப்ஸ் மொழி பேசுவோர் எண்ணிக்கை இல்லை. 2010 ரஷ்யக் கணக்கெடுப்பில் 5,936 பேர் தங்களை வெப்ஸ் என்றார்கள். மொழி தெரியும் என்றவர்கள் 3,613 பேர்தான். உங்கள் கட்டுரை மொழியைப் பற்றியது என்றால் இரண்டாவது எண்ணை எடுங்கள். அதுவும் அவரவர் சொன்னதுதான், யாரும் பேசவைத்துப் பார்க்கவில்லை.