திருட்டு கடப்பிதழில் ஒருவர் எப்படி விமானம் ஏற முடிகிறது?

பையையும் உடம்பையும் ஸ்கேன் செய்தால் பயணி யார் என்று தெரிந்துவிடாது. அதற்கு இன்னொரு சோதனை வேண்டும். தொலைந்த, திருடுபோன கடப்பிதழ்களின் எண்களை நாடுகள் சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போலுக்கு அனுப்புகின்றன. 2002 முதல் இன்டர்போல் அவற்றை ஒரே பட்டியலாக வைத்திருக்கிறது. பயணியின் எண் அதில் இருக்கிறதா என்று சில நொடிகளில் பார்த்துவிடலாம்.

பார்க்காமல் விட்டால்? 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங் புறப்பட்டு, வழியில் காணாமல் போன மலேசியா ஏர்லைன்ஸ் விமானம் எம்எச்370-இல் ஈரானியர் இருவர் இத்தாலி, ஆஸ்திரியக் கடப்பிதழ்களில் ஏறினார்கள். இரண்டும் தாய்லாந்தில் திருடுபோனவை, இரண்டும் பட்டியலில் இருந்தவை. எந்த நாடும் அவற்றைச் சரிபார்க்கவில்லை என்றது இன்டர்போல். எனக்கு இன்றும் மனம் ஆறாத விஷயம் இது: தகவல் கையில் இருந்தது, யாரும் கேட்கவில்லை.

திருடிய மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். நம்பர் பிளேட் அசல்தான், கண்ணால் பார்த்தால் குறையே தெரியாது. எண்ணைத் தட்டிப் பார்க்கும் போலீஸ்காரர்தான் பிடிக்க முடியும்.

சரி, என்ன செய்யலாம்? குடிநுழைவு முகப்பில் மட்டுமல்ல, டிக்கெட் பதிவு செய்யும்போதே விமான நிறுவனமும் சரிபார்க்க வேண்டும். அப்புறம் நம் பங்கு: கடப்பிதழ் தொலைந்தால் உடனே போலீஸில் புகார் செய்து, குடிநுழைவுத் துறைக்கும் தெரிவியுங்கள். புகார் இல்லாத எண் பட்டியலுக்குப் போகாது.

அந்த இருவரால்தான் விமானம் காணாமல் போனது என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். விசாரணையில் அதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை.