கூடப் போவதா, அங்கேயே இருப்பதா?

வணக்கம் நண்பரே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆறு வருடமாகத் துணைப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்கு மாறுகிறார், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் கூப்பிட்டால் போங்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தன் ஆட்களோடுதான் வருவார்.

ஆனால் கிளம்பும் முன், வெளியூர் போய் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை உங்களுக்கு உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 2023-ல் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் முதல் நிலை) அணிகளுக்குக் கூடுதலாக இரண்டு துணைப் பயிற்சியாளர்களை அனுமதித்தபோது, அவர்களுக்கு அந்த வேலையைத் தரவில்லை. ராத்திரி முழுக்க எதிரணி வீடியோவை வெட்டி ஒட்டுபவரைவிட, வீரரின் வீட்டுக்கே போய் அவர் அம்மாவோடு சமையலறையில் உட்கார்ந்து பேசி வருபவருக்கே அடுத்த வாய்ப்பு சீக்கிரம் வரும்.

வருடங்கள் வீணாகிவிட்டதாக நினைக்காதீர்கள். பில் கத்ரிஜ் நார்த் கரோலினா பல்கலைக்கழக அணியில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்துக்குத் துணையாக 30 வருடம் இருந்தார். 1997-ல், 60 வயதில் தலைமைப் பயிற்சியாளர் பதவி கிடைத்தது. மூன்றே சீசனில் இரண்டு முறை அணியை ஃபைனல் ஃபோருக்கு, அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுக்குள், கொண்டுபோனார்.