சாதாரணக் கட்டணம்

கேள்வி: ரோசா பார்க்ஸ் என்ற சாதாரணத் தையல்காரப் பெண், ஒருநாள் வேலை முடிந்த களைப்பில் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்க மறுத்தார், அமெரிக்காவே மாறிவிட்டது என்கிறார்கள். ஒரு சாதாரண மனுஷியின் ஒரு நிமிடத் துணிச்சல் போதும் என்றால் இயக்கம், சங்கம், கூட்டம் இதெல்லாம் எதற்கு?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஒரே கேள்வியில் இரண்டு முறை ‘சாதாரண’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்து இந்தச் சொல் நாணயமாகப் புழங்கும் இடங்கள் இரண்டுதான். ஒன்று, ‘சாதாரண கட்டணம்’ என்று போர்டு மாட்டிய டவுன் பஸ். இன்னொன்று, ஓட்டலில் சாதா தோசை. இரண்டிலும் உள்ளே என்ன இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். முதலாவதில் உட்கார இடம், இரண்டாவதில் மசால். மற்றபடி, ‘நான் ஒரு சாதாரணத் தொண்டன்’ என்று ஒருவர் மைக்கைப் பிடித்தால் அவருக்கு சீட் வேண்டும் என்று பொருள். ‘நான் சாதாரண வாசகன்தான், ஆனாலும்’ என்று ஒரு கடிதம் தொடங்கினால் பதினான்கு பக்கம் இருக்கிறது என்று பொருள்.

ரோசா பார்க்ஸுக்கும் சீட்தான் பிரச்சினை. ஆனால் அவர் தன்னைத் தொண்டர் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை, தொண்டு செய்துகொண்டிருந்தார்.

தையல்காரர் என்பது உண்மை. அலபாமா மாநிலத்தின் மாண்ட்கோமரி நகரில், மாண்ட்கோமரி ஃபேர் என்ற பெரிய கடையில் வாங்கிய உடைகளை ஆளுக்குத் தக்கபடி பிடித்துக் கொடுக்கும் வேலை. அது சம்பளத்துக்கு. சம்பளமில்லாத வேலை ஒன்றும் இருந்தது. என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாண்ட்கோமரிக் கிளையில் 1943இல் சேர்ந்தார். சேர்ந்த கையோடு செயலாளராக்கிவிட்டார்கள்.

செயலாளர் என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்துக்கு ஒன்பது வருடம் செயலாளராக இருந்தவன் நான். தலைவர் வந்து உட்காருவார். பொருளாளர் காபி குடிப்பார். ஜமக்காளம் விரிப்பது, மைக் செட்டுக்காரருக்குப் போன் போடுவது, எல்லோரும் போனபின் மினிட்ஸ் நோட்டில் ‘நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது’ என்று எழுதுவது செயலாளர். ஆண்டு விழாக் குரூப் போட்டோ ஒன்பதிலும் நான் இல்லை. வாடகை நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். இந்தப் பக்கத்தில் இதை ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன் என்று உதவி ஆசிரியர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும்.

மாண்ட்கோமரிக் கிளையின் தலைவர் இ.டி. நிக்சன். ரயிலில் தூங்கும் பெட்டிகளில் போர்ட்டர் வேலை பார்த்தவர், தொழிற்சங்கவாதி, அஞ்சாத ஆள். பெண்கள் இருக்க வேண்டிய இடம் அடுப்படிதான் என்று அவர் ஒருமுறை சொல்ல, ‘அப்படியானால் நான்?’ என்று கேட்டார் ரோசா. ‘எனக்கு ஒரு செயலாளர் வேண்டுமே, நீ நன்றாக வேலை செய்கிறாய்’ என்றாராம் தலைவர். உலகெங்கும் தலைவர்கள் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள்.

அந்தச் செயலாளர் கை எதையெல்லாம் எழுதியது என்று பாருங்கள். 1944இல் அபேவில் என்ற சிற்றூரில் தேவாலயத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரேசி டெய்லர் என்ற 24 வயதுக் கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் ஆறு பேர் கடத்திப்போய் வன்புணர்ந்தார்கள். விசாரித்து எழுதி வரப் போனவர் ரோசா. அந்த ஊர் ஷெரிஃப் அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார். திரும்பி வந்து நீதிக்காக ஒரு குழு அமைக்க உழைத்தார். வழக்குத் தொடர முகாந்திரம் உண்டா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி இரண்டு முறை கூடியது. இரண்டு முறையும் ஒருவர்மீதும் குற்றம் சாட்டவில்லை. அலபாமா சட்டமன்றம் மன்னிப்புக் கேட்டது 2011இல். அதுவரை அந்த வழக்கு எங்கே இருந்தது? இப்படிப்பட்ட செயலாளர்கள் எழுதிவைத்த தாள்களில் இருந்தது.

ஓட்டுரிமைக் கதையும் அப்படியே. கறுப்பினத்தவர் வாக்காளராகப் பதிய வேண்டுமானால் ஒரு பரீட்சை. வெள்ளையருக்குப் பாஸ், இவர்களுக்கு ஃபெயில், காரணம் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது முறை எழுதப் போனபோது ரோசா ஒரு வேலை செய்தார்: கேள்விகளையும் தன் பதில்களையும் கையால் தனியாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டார். ஃபெயில் என்றால் வழக்குப் போட ஆவணம் வேண்டுமே! 1945இல் பதிவானார். உடனே பாக்கி கேட்டார்கள்: ஓட்டுப் போடக் கட்ட வேண்டிய தலைவரி வருடத்துக்கு ஒன்றரை டாலர், 21 வயதிலிருந்து கணக்குப் போட்டு 16.50 டாலர். கட்டினார்.

இவரைத்தான் ‘சாதாரண’ என்கிறோம். பதினைந்து வருடத்துக்கு முந்தைய தன்னம்பிக்கைக் கூட்டம் ஒன்று ஞாபகம் வருகிறது. பேச்சாளரின் கதையில் ரோசா எழுபது வயதுக் கிழவி, காலெல்லாம் வீக்கம், ‘முடியலப்பா’ என்று ஓட்டுநரிடம் கெஞ்சுகிறார். அரங்கமே கண்ணைத் துடைத்தது. நான் எழுந்து ‘அவருக்கு அப்போது 42 வயது’ என்றேன். என்னை உட்காரச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பேச்சாளர் என் பத்திரிகையை வாங்குவதில்லை. களைப்பைப் பற்றி ரோசாவே தன்வரலாற்றில் எழுதிவிட்டார்: உடம்பில் வழக்கத்துக்கு மேல் அலுப்பு எதுவும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அலுத்துப்போயிருந்தது என்று.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை. 36 இருக்கை கொண்ட பஸ். முன்னால் பத்து, வெள்ளையருக்கு. அவை நிறைந்துவிட்டால் நடுவில் இருப்பவர்கள் எழ வேண்டும். அன்று நின்றுகொண்டிருந்த வெள்ளையர் ஒரே ஒருவர். அவருக்காக நான்கு பேர் எழ வேண்டும், ஏனென்றால் ஒரே வரிசையில் வெள்ளையருக்குச் சமமாகக் கறுப்பினத்தவர் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒரு ஆளுக்கு நான்கு சீட்! மூன்று பேர் எழுந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் வெளியேற வழிவிட்டு ரோசா சன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். ‘கைது செய்ய வைப்பேன்’ என்றார் ஓட்டுநர் ஜேம்ஸ் பிளேக். ‘செய்யுங்கள்’ என்றார் இவர்.

இந்த பிளேக்கை அவருக்கு முன்பே தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு முன், 1943இல், முன்வாசலில் காசு கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ப் பின்வாசல் வழியாக ஏறு என்று அவரைக் கீழே இறக்கியவர் இதே ஆள். அதற்குப் பிறகு பிளேக் ஓட்டினால் அந்த பஸ்ஸையே விட்டுவிடுவார் ரோசா. அன்று யார் ஓட்டுகிறார் என்று பார்க்காமல் ஏறிவிட்டார். உங்கள் கேள்வியில் இருக்கும் தற்செயலுக்கு இந்தக் கதையில் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். சங்கம் திட்டம் போட்டு அவரை பஸ்ஸில் ஏற்றிவிட்டது என்று இன்னொரு கூட்டம் சொல்லும், அதுவும் பொய்.

இனி சைக்ளோஸ்டைல். நான் முதலில் நடத்திய சிற்றிதழ் சைக்ளோஸ்டைல்தான் என்பதால் இந்த இடத்தில் என்னைத் தடுக்க முடியாது. மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, மை தடவிய உருளையைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்றுபோகும். 120 பிரதி எடுத்துவிட்டு நான் இரண்டு நாள் படுத்துக் கிடந்திருக்கிறேன். ரோசா கைதான அன்று இரவு அலபாமா ஸ்டேட் கல்லூரியின் ஆங்கில ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன், சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு, கல்லூரி மெஷினிலேயே, விடியும்வரை பல்லாயிரம் துண்டறிக்கைகளை ஓட்டினார். ‘திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறாதீர்கள்.’ அந்த யோசனையும் அன்று இரவு பிறந்ததல்ல. 1954 மே மாதமே, பஸ்ஸைப் புறக்கணிக்கப் பல அமைப்புகள் யோசித்துவருகின்றன என்று அவர் மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். பெண்கள் அரசியல் கவுன்சில் என்ற சங்கத்தின் தலைவியாக. சங்கம் எதற்கு என்று கேட்டீர்கள் அல்லவா?

திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. ரோசாவுக்கு 10 டாலர் அபராதம், கோர்ட்டுச் செலவு 4 டாலர். அன்று மாலை தேவாலயத்தில் பெருங்கூட்டம். ஊருக்குப் புதிதாக வந்த 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் பேசி நாடறிந்தவரானார். நானும் ஏதாவது பேச வேண்டுமா என்று ரோசா கேட்டாராம். நீங்கள் பேச வேண்டியதெல்லாம் பேசியாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். செயலாளர்!

புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. வாடகை கேட்காத கார்கள், நடந்தே தேய்ந்த செருப்புகள். பெட்ரோலுக்குக் காசு? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்று, வாராவாரம் கூட்டத்தில் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் குழுவுக்குப் பெயரே ‘எங்கிருந்தும் வராதவர்கள் கிளப்’. எங்கள் வாசகர் வட்டப் பொருளாளரும் வரவு எங்கிருந்து என்று கடைசிவரை எழுதியதில்லை. ஆனால் அவர் கணக்கில் செலவும் எங்கே போனது என்று தெரியாது.

இதிலே எனக்கு நெருடுவது ஒன்று உண்டு. ரோசாவுக்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2 அன்று, அதே ஊரில் அதேபோல் எழ மறுத்துக் கைதானவர் கிளாடெட் கால்வின். வயது 15. அவளை முன்னிறுத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். சிறுமி, ஏழைப் பகுதி, பிறகு கர்ப்பம் வேறு. ரோசாவிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதால்தான் ரோசா. அதாவது, எந்த ‘சாதாரண’ப் பெண்ணும் போதும் என்று நாம் இன்று கதை சொல்கிறோம், அன்று அவர்கள் சாதாரணப் பெண்ணை ஒதுக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அது தந்திரமா கொடுமையா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. பஸ் பிரிவினையை உடைத்த வழக்கிலோ ரோசா வாதியே இல்லை. அவர் வழக்கு மாநில நீதிமன்றத்தில் முடங்கும் என்று வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே, வேறு நான்கு பெண்களைக் கொண்டு மத்திய நீதிமன்றத்துக்குப் போனார்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், பிறகு அதே கால்வின். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

வென்ற ரோசாவுக்கு என்ன கிடைத்தது? 1956 தொடக்கத்திலேயே தையல் வேலை போனது. கணவர் ரேமண்ட் முடிதிருத்தும் வேலையை விட வேண்டியதாயிற்று. 1957இல் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். டெட்ராய்டில் மறுபடியும் தையல். 1965இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் தன் அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார். 1988வரை அங்கே வேலை. என்ன வேலை என்கிறீர்கள்? வந்த போனை எடுப்பது, வந்தவர் குறையைக் கேட்டு எழுதுவது. பிளேக் 1974வரை அதே ஊரில் பஸ் ஓட்டினார். ரோசா கைதான பஸ்ஸைப் பல வருடம் ஒருவர் தன் நிலத்தில் நிறுத்தி, தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைத்திருந்தார். 2001இல் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை 4,92,000 டாலருக்கு ஏலம் எடுத்தது.

கடைசியாக ஒரு பாக்கி. 2005 அக்டோபர் 24 அன்று ரோசா 92 வயதில் இறந்தபோது நம் பத்திரிகையில் அஞ்சலி போட்டோம். அதோடு அந்தப் பிரபலமான படத்தையும். ரோசா சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருப்பார், பின் இருக்கையில் கடுகடுவென்று ஒரு வெள்ளையர். அது 1956 டிசம்பர் 21 அன்று, வழக்கில் வென்றபின், புகைப்படக்காரர்களுக்காக உட்கார்ந்து எடுத்தது. அந்த வெள்ளையர் நிக்கோலஸ் கிறிஸ், செய்தி நிறுவனம் ஒன்றின் நிருபர். பிழை திருத்துபவர் அன்றே ‘யார் சார் இந்த ஆள்?’ என்று கேட்டார். ‘முகத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?’ என்றேன்.

2005 நவம்பர் இதழை இன்னும் வைத்திருப்பவர்கள், படத்தின் கீழே ‘இடம் கேட்டு மிரட்டும் வெள்ளையர்’ என்பதை ‘நிருபர்’ என்று திருத்திக்கொள்ளவும். அஞ்சலியின் முதல் வரியில் ‘சாதாரண’ என்று ஒரு சொல் இருக்கும். எழுதியவன் நான்தான். அதையும் அடித்துவிடுங்கள்.