உப்புத் தண்ணீரில் மாவா, குல்மோகரா?

தேவிபட்டினத்தில் கடலோர வீடு, போர் தண்ணீர் உப்பு, வாசலில் மா வைப்பதா குல்மோகர் வைப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள் நண்பரே. என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. மா உப்பைத் தாங்காது, இலை நுனி கருகும். குல்மோகர் பூத்தால் அழகுதான், ஆனால் காற்றில் கிளை சுலபமாக முறியும்.

பழத்துக்குச் சப்போட்டா வையுங்கள். உப்பை ஓரளவு தாங்கும், வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்பதால் நிழலும் கிடைக்கும். பாலை மரத்தில் ஒட்டுக் கட்டிய கன்றாகக் கேட்டு வாங்குங்கள். 3, 4 வருஷத்தில் காய்க்கத் தொடங்கும். குழியில் கண்மாய் வண்டலும் சாண எருவும் போட்டால் மணலில் ஈரம் நிற்கும்.

அழகுக்கு, கடல் பார்த்த பக்கம் புன்னை. மெதுவாகத்தான் வளரும், ஆனால் பூ வாசம் அள்ளும். அவசரமென்றால் பூவரசுப் போத்து (தடித்த கிளைத் துண்டு) வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும். அப்புறம், முதல் இரண்டு கோடைக்காவது சப்போட்டாவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றுங்கள்.