வாசகர் கேள்வி – பதில்: சிறு குழுக்களின் கணினி விளையாட்டுகள்

கேள்வி: மெட்ரிக் முடித்த என் மகன், ‘இண்டி கேம்’ உருவாக்கப் போவதாகச் சொல்கிறான். அது என்ன? நம் நாட்டில் அதை நம்பிப் பிழைக்க முடியுமா?
– ஒரு தாய், சாட்ஸ்வர்த்

பதில்: பெரிய நிறுவனத்தின் பணமோ கட்டளையோ இல்லாமல், ஒருவரோ சிறு குழுவோ தம் விருப்பப்படி உருவாக்கும் விளையாட்டையே அப்படிச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்கா இதில் பின்தங்கிய நாடு அன்று. ஜோஹானஸ்பர்க்கின் நியாமகோப் குழு 2018இல் ‘செம்ப்ளன்ஸ்’ என்ற விளையாட்டை நின்டெண்டோ விளையாட்டுக் கருவிவரை கொண்டுசென்றது. 2015இல் ‘ப்ரோஃபோர்ஸ்’ என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டால் பெயர் பெற்ற கேப்டவுனின் ஃப்ரீ லைவ்ஸ் குழுதான் 2023இல் ‘டெரா நில்’ என்பதையும் தந்தது. அதில் பாழ்பட்ட நிலத்தில் காற்றாலை நிறுவி, மண்ணின் நஞ்சை நீக்கி, புல்லும் காடும் தழைக்கச் செய்தபின், நாமே நிறுவிய எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். இப்படி ஒரு முடிவை யோசித்தவர்கள் நம் நாட்டவர் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பிழைப்பு வேறு கணக்கு. ஸ்டீம் என்னும் இணைய விளையாட்டுக் கடையில் ஒரு விளையாட்டை வைக்க 100 டாலர் கட்ட வேண்டும். விற்பனையிலும் பொதுவாக 30 விழுக்காடு கடைக்குப் போய்விடும். இட்ச்.ஐஓ தளத்தில் கட்டணமின்றி வெளியிடலாம். உங்கள் மகன் மேற்படிப்பை விடாமல், ஓய்வு நேரத்தில் ஒரு சிறிய விளையாட்டையாவது முழுமையாக முடித்து அங்கே வெளியிடட்டும். அவனைத் தடுக்காதீர்கள் அம்மா.

கேள்வி: தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய விளையாட்டு ஏதேனும் வந்திருக்கிறதா?
– கல்லூரி மாணவி, ஃபீனிக்ஸ்

பதில்: வந்திருக்கிறது, நம் வீடுகளில் அவசியம் ஆட வேண்டியதும்கூட. டொராண்டோவின் விசை கேம்ஸ் குழு 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதியையும் அவர்கள் மகன் கவினையும் பற்றியது. ஊரிலிருந்து வெண்பா கொண்டுவந்த அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிகளுக்கும் போகும், புட்டுக் குழாயில் மாவும் தேங்காயும் எந்த வரிசையில் இறங்க வேண்டும் என்று விடுபட்டதை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். அடுப்படி வானொலியில் அந்தந்தக் காலத்துத் திரையிசையின் சாயலில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். கவின் வளர வளரத் தமிழ் அவனிடமிருந்து நழுவுகிறது. தாய் பேசுவதும் மகன் கேட்பதும் வேறுவேறாகின்றன. 1860இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றது முதல் தலைமுறை தலைமுறையாக இதே இழப்பைக் கண்டுவரும் நமக்கு, இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு வழங்கும் அறிமுகப் படைப்பு விருதும் இதற்குக் கிடைத்தன. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பாட்டியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆடுங்கள்.

கேள்வி: நான் உருவாக்கும் விளையாட்டில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிகின்றன. ‘கொ’ என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. என்ன செய்வது?
– பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்

பதில்: யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் ‘க’, அடுத்து அதன் உயிர்க்குறி என்றே சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைப்பது எழுத்தை வடிவமைக்கும் மென்பொருளின் வேலை. ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட பல கருவிகள் இதைச் செய்வதில்லை. 2023இல் வந்த கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள், ஹார்ஃப்பஸ் என்ற நிரல் தொகுப்பின் துணையால் இதைச் செய்கிறது. கோடோ இலவசம், அதன் மூல நிரலும் திறந்தது. இலவசமாகவே கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை விளையாட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். ஆடுபவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்கும் என்று நம்ப முடியாது. உரையாடல் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும்படி அமைத்திருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: ‘க’ முதலில் வந்து, பிறகு ‘கொ’வாக மாறிக் கண்ணை உறுத்தும். எழுத்து வடிவம் பெற்ற பிறகே எண்ணிக் காட்டும் தெரிவு கோடோவில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். ‘கொ, கோ, கௌ, க்ஷ, ஸ்ரீ’ அடங்கிய ஒரு வரியை முதலில் எழுதிப் பார்த்து, அது பிழையின்றித் தெரிந்த பின்பே மற்ற உரையாடல்களைச் சேர்க்கத் தொடங்குங்கள்.