வீட்டுக்கும் கடைக்கும் வண்ணம் தேர்ந்தெடுத்தல்: கேள்வி பதில்

வண்ணத் தேர்வையும் சுவர்ப் பூச்சு வேலையையும் பல ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்துவருபவன் என்ற முறையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். கூலி, விலை, எந்த நிறுவனத்தின் பெயிண்ட் சிறந்தது என்பவற்றைப் பற்றி எழுதப்போவதில்லை. அவை ஊருக்கு ஊர் மாறுபவை. சுவர், வெளிச்சம், நிறம் ஆகிய மூன்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, எங்கள் கூடம் வடக்குப் பார்த்தது, பத்தடிக்குப் பதினான்கடி. ஒரே சன்னல்தான். அதற்கு நான்கடி தள்ளி அடுத்த வீட்டுச் சுவர். கைப்பேசியில் பார்த்துப் பிடித்துப்போன இளஞ்சாம்பலைப் பூசினோம். சுவரில் நீலம் பாரித்துத் தெரிகிறது. கடைக்காரர் தவறான நிறத்தைக் கலந்துவிட்டாரா?

பதில்: கடைக்காரர் பெரும்பாலும் சரியாகத்தான் கலந்திருப்பார். இளஞ்சாம்பல் என்று தனியாக ஒரு நிறம் கிடையாது. பெரும்பாலான சாம்பல்களுக்குள் சிறிது நீலமோ பச்சையோ ஊதாவோ பழுப்போ ஒளிந்திருக்கும். நேர்வெயில் படாத சன்னல் வழியாக வருவது வானத்தின் நீல வெளிச்சம். அது சாம்பலுக்குள் இருக்கும் நீலத்தைத் தூக்கிக் காட்டுகிறது. இரவில் 6500 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் எண்; கூடினால் நீலம் சாயும், குறைந்தால் மஞ்சள் சாயும்) வெள்ளை எல்.இ.டி. விளக்கும் போட்டிருந்தால், பகலில் தெரிகிற நீலம் இரவிலும் நீங்காது. முதலில் ஒரு விளக்கை மட்டும் 3000 கெல்வினுக்கு மாற்றிப் பாருங்கள். அதிலேயே பாதிக் குறை தீரக்கூடும்.

அடுத்த வீட்டுச் சுவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கடி இடைவெளியில் இருக்கும் சுவர் பச்சையானால், உங்கள் கூடத்துக்குள் வருவது அந்தப் பச்சையில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். வண்ண அட்டையைக் கையில் எடுக்கும் முன் சன்னலுக்கு வெளியே இருப்பதையும், தரையின் நிறத்தையும், கதவு மரத்தின் நிறத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவற்றை மாற்ற முடியாது. மாற்றக்கூடியது சுவர் நிறம் ஒன்றே என்பதால், அதுதான் இவற்றுக்கு இணங்கிப் போக வேண்டும்.

வடக்கு அறை எப்போதும் குளிர்ந்த, அதாவது நீலம் சாய்ந்த வெளிச்சமுடையது என்று வெளிநாட்டுக் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். நம் ஊருக்கு அது முழுவதும் பொருந்தாது. ஏப்ரல் பின்பகுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு. டிசம்பரில் தேர்ந்தெடுத்த நிறம் ஜூனில் வேறாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் கூடத்துக்குப் பழுப்பு கலந்த வெண்மையோ வெளிறிய மணல் நிறமோ பொருந்தும். சில நிறுவனங்களின் வண்ண அட்டைகளில் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் இருக்கும். நிறம் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான அளவில் அது சொல்கிறது. ஒரே சன்னல் உள்ள கூடத்துக்கு அந்த எண் 65-க்குக் குறையாமல் இருக்கட்டும். அப்போதும் நேரே வாளியை வாங்கிவிடாதீர்கள். சிறிய மாதிரி டப்பா ஒன்றை வாங்கி, சன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டடிக்கு இரண்டடி இரண்டு பூச்சு பூசி, காலை, நண்பகல், விளக்கு வைத்த பின் என மூன்று வேளையும் பாருங்கள்.

கேள்வி (காரைக்குடி): தாத்தா காலத்து வீடு. ஆத்தங்குடி கல் பதித்த தரை, தேக்குக் கதவு, சுண்ணாம்புப் பூச்சுச் சுவர். புதுப்பிக்கும்போது சுவருக்கும் தரையில் உள்ள பச்சையும் சிவப்பும் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் வார்ப்பது. அதன் மினுமினுப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. அத்தனை நிறமும் கோலமும் தரையிலேயே இருக்கும்போது சுவரும் போட்டிக்கு வந்தால் இரண்டுமே எடுபடாது. அந்தத் தரையைப் போட்டவர்கள் சுவரை வெள்ளையாக விட்டது அறிந்து செய்தது. தரையின் சிவப்பு உங்களுக்கு மிகவும் பிடித்திருந்தால், சுவரடியில் நான்கு அங்குலப் பட்டையாகக் காவி ஓட்டுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம்.

நிறத்தைவிட முக்கியமானது இனிச் சொல்வது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கொப்பளித்து உரியும். பழைய சாந்தும் சேர்ந்து பெயரும். சுண்ணாம்பே அடியுங்கள். நிறம் வேண்டுமானால் காவி, மஞ்சள் ஆக்சைடு போன்ற மண்நிறங்களை அதில் சிறிதளவு கலக்கலாம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கி நிற்பவை அவைதான்.

கேள்வி (சேலம்): என் ராசிக்கும் தலைவாசல் திசைக்கும் எந்த நிறம் பொருந்தும்?

பதில்: இது என் துறை இல்லை. பெரியவர்களைக் கேட்டு நிறத்தை முடிவு செய்துவிட்டு வாருங்கள். அந்த நிறத்தின் எந்தச் சாயல் உங்கள் சுவருக்குப் பொருந்தும் என்று சொல்கிறேன்.

கேள்வி (ஈரோடு): பிளவுஸ் துணிகளுக்கான மேட்சிங் சென்டர் வைத்திருக்கிறோம், பன்னிரண்டடிக்கு இருபதடி. கடை பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சுவருக்கு ரோஜா நிறம் கொடுத்தோம். வாங்கிச் செல்பவர்கள் ‘வீட்டில் பார்த்தால் சேரவில்லை’ என்று திருப்பிக் கொண்டுவருவது அதிகமாகிவிட்டது. சுவர் நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. இத்தனை கேள்விகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதைத் தினமும் கண்டிருப்பீர்கள். கடைக்குள் தெரியும் நிறத்தில் நம்பிக்கை இல்லாததால்தான் அவர் வாசலுக்குப் போகிறார். உங்கள் ரோஜாச் சுவரில் பட்ட ஒளி ரோஜா கலந்துதான் துணியின் மேல் விழுகிறது. வெள்ளைத் துணி ஒன்றைச் சுவரிலிருந்து ஓரடி தூரத்தில் பிடித்துப் பாருங்கள், அதன் மடிப்புகளுக்குள் ரோஜா நிழல் ஓடுவது தெரியும். மாம்பழ மஞ்சள் ஆரஞ்சாகச் சாய்வதும், கிளிப்பச்சை மங்குவதும் இதனால்தான்.

இரண்டாவது காரணம் விளக்கு. சேலைக்கு ஒரு சாயம், பிளவுஸ் துணிக்கு வேறு ஆலையின் வேறு சாயம். ஒரு விளக்கின் கீழ் ஒன்றாகத் தெரியும் இரு சாயங்கள் வேறு வெளிச்சத்தில் பிரிந்து தெரியலாம். இதைப் பூச்சினால் மட்டும் சரிசெய்ய முடியாது. நிறம் காட்டும் திறன் (சி.ஆர்.ஐ.) 90-க்கு மேல் என்று பெட்டியில் அச்சிட்ட விளக்குகளை, 4000 கெல்வின் அளவில், துணி விரிக்கும் மேசைக்கு மேலாவது போடுங்கள்.

மூன்றாவது காரணம் கண்ணிலேயே இருக்கிறது. பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்தவர், சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறமே கறுப்பை மங்கலாகக் காட்டுகிறது என்று கண்டு, 1839-இல் அதை விதியாக வெளியிட்டார். உங்கள் அலமாரியின் முதுகுப் பலகையும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதை ரோஜாவாக விட்டால் முன்னே வைத்த பச்சைத் துணி தன் உண்மை நிறத்தைவிடக் கூடுதல் பச்சையாகத் தெரியும்.

ஆகவே, கூரைக்கு வெள்ளை. சுவருக்கும் அலமாரி முதுகுக்கும் எந்தப் பக்கமும் சாயாத வெளிர்சாம்பல் அல்லது வெள்ளை. மினுமினுப்பு இல்லாத மேட் பூச்சு. பளிச்சென்று தெரிய வேண்டிய ரோஜா நிறம் பெயர்ப்பலகைக்கும் வாசல் தூணுக்கும் போகட்டும். தெருவில் போகிறவரை அது அழைக்கும். உள்ளே விரியும் துணியின் நிறத்தைக் கெடுக்காது.

கேள்வி (திருச்சி): வீட்டின் புகைப்படம் இணைத்திருக்கிறேன். எந்த நிறம் நன்றாக இருக்கும்?

பதில்: புகைப்படத்தைப் பார்த்து நிறம் சொல்ல மாட்டேன். கைப்பேசிக் கேமரா வெளிச்சத்தைத் தானாகவே திருத்திக்கொள்கிறது. தஞ்சாவூர்க் கேள்வியின் பதிலைப் படித்துவிட்டு, தரை நிறம், திசை, விளக்கு ஆகியவற்றை எழுதுங்கள்.

கேள்வி (மதுரை): மேற்குப் பார்த்த புது வீட்டின் முகப்பு முழுவதற்கும் கறுப்பை ஒட்டிய அடர்சாம்பல் பூசலாம் என்று பொறியாளர் சொல்கிறார். சரிதானா?

பதில்: சரியில்லை. மேற்குச் சுவர் மாலை வெயிலை நேரே வாங்குவது. அடர்நிறம் அந்த வெப்பத்தை விழுங்கி இரவுவரை உள்ளே கடத்தும். பகலில் விரிவதும் இரவில் சுருங்குவதும் அதிகமாவதால் மயிரிழை விரிசல்கள் விழும். உப்புத் தண்ணீரில் கட்டிய சுவரானால் வெள்ளையாகப் பூக்கும் உப்பு அடர்நிறத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

இடையீடு (கோயம்புத்தூர், கட்டடக் கலைஞர்): மன்னிக்கவும் ஐயா, இது சற்றுப் பழைய கருத்து. அகச்சிவப்பைத் திருப்பும் நிறமிகள் இப்போது கிடைக்கின்றன. வீடு சூடாவதற்குப் பெரிய காரணம் மொட்டைமாடி, சுவர் இல்லை. வெள்ளை முகப்பு ஒரே மழைக்காலத்தில் பாசியும் புழுதியும் ஏறி அசிங்கமாகிறதே, அதற்கு என்ன சொல்வீர்கள்?

பதில்: மொட்டைமாடியைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, உச்சி வெயிலை வாங்குவது அதுதான், வெள்ளைப் பூச்சு முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். ஆனால் மூன்று மணிக்கு மேல் சாய்வெயில் நேராக அடிப்பது மேற்குச் சுவரில். நிறமிகளைப் பற்றியும் மறுக்கவில்லை. சூரிய வெப்பத்தில் ஏறக்குறையப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் வருகிறது. அதைத் திருப்பும் நிறமி இருந்தால் கறுப்பும் ஓரளவு குளிர்ந்திருக்கும். ஆனால் தெருமுனைக் கடையின் கலக்கும் இயந்திரத்தில் விழும் கறுப்பு, பெரும்பாலும் கரிக் கறுப்பு. அது அகச்சிவப்பையும் சேர்த்தே விழுங்கும். உங்கள் திட்டத்துக்கு நீங்கள் தேடி வரவழைக்கும் பூச்சும் மதுரைக்காரருக்குக் கடையில் கலந்து தரப்படும் பூச்சும் ஒன்றல்ல. அவர் கேட்பது இரண்டாவதைப் பற்றி.

பாசிக்கு நிறத்தைக் குறை சொல்வதையும் ஏற்க மாட்டேன். சன்ஷேடின் அடியில் நீர் சொட்டி விழுவதற்கான பள்ளக் கோடு விடாமல், கைப்பிடிச் சுவரின் தலையை வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டினால், மழைநீர் முகப்பில் வழிந்து கறுப்புக் கோடு போடும். அது கொத்து வேலையின் குறை.

இடையீடு (புதுச்சேரி): எங்கள் ஊர் ஆசிரமக் கட்டடங்கள் சாம்பல் நிறம்தானே? கடற்காற்றில் நன்றாகத்தானே இருக்கின்றன?

பதில்: நல்ல எடுத்துக்காட்டு. அவை வெளிர்சாம்பல், சன்னல் ஓரங்களிலும் விளிம்புகளிலும் வெள்ளை. பக்கத்துத் தெருக்களின் கடுகு மஞ்சள் கட்டடங்களுக்கும் அதே வெள்ளை விளிம்பு. அந்த வெள்ளைதான் சாம்பலை எடுப்பாகக் காட்டுகிறது. அதனால் அடர்த்தியைக் கூட்டத் தேவையில்லை.

இடையீடு (கோயம்புத்தூர், கட்டடக் கலைஞர்): முகப்பு முழுவதும் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். அடர்நிறமே கூடாது என்பதை ஏற்க முடியாது.

பதில்: அடர்நிறமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுரை அன்பர் தாழ்வாரத்தின் உட்சுவருக்கும், சன்ஷேடின் நிழலில் பின்வாங்கி நிற்கும் பகுதிக்கும் அடர்சாம்பல் கொடுக்கலாம். வெயிலில் நிற்கும் பரப்புக்கு வெளிர்சாம்பல், விளிம்புக்கு வெள்ளை. இரண்டு சாம்பலையும் வெளிச்சுவரிலேயே இரண்டடிக்கு இரண்டடி பூசி, மாலை நான்கு மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): செயலியில் எங்கள் அறைக்கு நிறம் மாற்றிப் பார்த்தோம். அதை அப்படியே வாங்கலாமா?

பதில்: கூடாது. திரை தானே ஒளி விடுவது. சுவர் பிறர் தரும் ஒளியைத் திருப்புவது. சுவரில் பூசிப் பார்க்காமல் யாரும் வாங்க வேண்டாம் என்பதை இன்னும் எத்தனை முறை கேட்டாலும் இப்படியே சொல்வேன்.

கேள்வி (விருதுநகர்): சிறிய மெஸ் நடத்துகிறோம். சிவப்பு பூசினால் பசி தூண்டும் என்கிறார்களே?

பதில்: அதை நம்பிப் பணத்தைப் போட வேண்டாம். சிவப்பு தெருவிலிருந்து கண்ணை இழுக்கும்; அதனால் பெயர்ப்பலகைக்குப் பொருந்தும். உள்ளே, இலையில் விழும் வெளிச்சம் சோற்றை வெள்ளையாகவும் கீரையைப் பச்சையாகவும் காட்ட வேண்டும். வெளிர் மஞ்சள் அல்லது பாலாடை நிறம் போதும். பச்சை, நீலச் சுவர்களைத் தவிருங்கள். கை படும் நான்கடி உயரம்வரை டைல்ஸ் ஒட்டுங்கள், இயலாவிட்டால் எனாமல் பூசுங்கள். தாளிப்பு எண்ணெய் ஏறினாலும் துடைத்துவிடலாம்.

கேள்வி (வேலூர்): மனைவி கருவுற்றிருக்கிறார். நாற்பது ஆண்டுப் பழைய சன்னல்களின் எனாமலைச் சுரண்டிவிட்டு வெள்ளை பூச விரும்புகிறோம். எந்த வெள்ளை?

பதில்: எந்த வெள்ளை என்பது இப்போது முக்கியமில்லை. பழைய எனாமலில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதியே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழும் தூள் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் பெருந்தீங்கு. பூச்சு உறுதியாக இருந்தால் பிரசவம் ஆகும்வரை தொடாதீர்கள். உரிந்துகொண்டிருந்தால், மனைவியை வேறு வீட்டில் தங்கவைத்து, நீர் நனைத்தே தேய்க்கச் சொல்லி, தூளை ஈரத்துணியால் துடைத்து எடுத்த பிறகு அழைத்து வாருங்கள். எரித்து உரிப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

கேள்வி (திண்டுக்கல்): சிமெண்டுப் பூச்சு வேலை முடிந்து பத்து நாள். இரண்டு வாரத்தில் கிரகப்பிரவேசம். ஊதா நிறம் தாங்குமா?

பதில்: தாங்காது. புதுச் சிமெண்டுப் பூச்சு 28 நாளாவது ஆற வேண்டும். அதன் காரம் ஊதா, அடர்சிவப்பு போன்றவற்றைத் திட்டுத் திட்டாக வெளுக்கச் செய்யும். விழாவுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளுங்கள். பிறகு நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, பட்டி பார்த்துப் பூசுங்கள்.

கேள்வி (கடலூர்): நிறத்தை முடிவு செய்துவிட்டோம், மாதிரியும் பூசிப் பார்த்துவிட்டோம். எவ்வளவு வாங்குவது? மிச்சத்தை வைத்திருக்கலாமா?

பதில்: உள்சுவர் எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு லிட்டருக்குச் சுமார் 120 முதல் 140 சதுர அடி வரும். ஒரு லிட்டர் கூடுதலாக, எல்லாவற்றையும் ஒரே நாளில் கலக்கச் சொல்லி வாங்குங்கள். ஒரு சுவருக்கு இரண்டு வாளி தேவைப்பட்டால் இரண்டையும் பெரிய பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றிக் கலந்த பின் பூசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாளி மாறிய இடம் சுவரில் தெரியும். மிச்சத்தை இறுக மூடி நிழலில் வையுங்கள். மூடியில் நிறக் குறியீட்டு எண், எந்த அறை, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். பின்னர்க் கறை விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுப் பூசாமல், மூலையிலிருந்து மூலைவரை அந்தச் சுவர் முழுவதையும் பூசுங்கள்.