மோஷன் கன்ட்ரோலர் வேலைக்கு மகளை அனுப்பலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

மின்னணுக் கருவியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பேக்கிங் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆறு மாதப் பயிற்சிக்குச் சேர விரும்புவதாகவும், மோஷன் கன்ட்ரோலர்களை மற்றக் கருவிகளோடு ஈத்தர்நெட் (கணினிகளை வடத்தால் இணைக்கும் முறை) வழியாக இணைப்பதே அங்கு அவருக்கான பணி என்றும் எழுதியிருக்கிறீர்கள். மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் போக வேண்டிய பிள்ளை அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகிறாளே என்பது தங்கள் கவலை; இது கணினி வேலையா வயரிங் வேலையா என்பது தங்கள் கேள்வி. இரண்டும் சேர்ந்த வேலை என்பதே என் பதில்.

பிஸ்கட் பொட்டலம் போடும் இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உறைத்தாளை ஒரு சர்வோ மோட்டார் (சொன்ன அளவு துல்லியமாகச் சுழலும் மோட்டார்) இழுக்கிறது. மற்றொன்று கத்தியைச் சுழற்றுகிறது. தாளில் அச்சிட்ட குறி வரும் இடத்தில்தான் வெட்டு விழ வேண்டும். எந்த மோட்டார் எந்தக் கணத்தில் எவ்வளவு சுழல வேண்டும் என்று கணக்கிட்டுக் கட்டளையிடுவது மோஷன் கன்ட்ரோலர். அது, மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து இயக்கும் டிரைவ்களோடு நடத்தும் உரையாடல் ஒரு மில்லி விநாடிக்கு ஒரு முறையோ அதைவிட வேகமாகவோ தவறாமல் நடக்க வேண்டும். அலுவலகத்தில் நாம் பயன்படுத்தும் சாதாரண ஈத்தர்நெட் அந்த நேரத் துல்லியத்துக்கு உத்தரவாதம் தருவதில்லை. அதற்காகவே, ஜெர்மனியின் பெக்காஃப் நிறுவனம் 2003இல் அறிமுகப்படுத்திய ஈத்தர்கேட் போன்ற முறைகள் வந்தன. அதில் ஒரே தரவுச்சட்டம் (தரவுப் பொட்டலம்) வரிசையாக எல்லா டிரைவ்களின் ஊடாகவும் ஓடுகிறது. ஒவ்வொரு டிரைவும் தனக்குரியதை அது கடந்து செல்லும்போதே எடுத்துக்கொண்டு, தன் பதிலையும் அதிலேயே வைத்துவிடுகிறது. அதே கன்ட்ரோலர் தொடுதிரை, பார்கோடு ரீடர், எடைக் கருவி, மேல்நிலை பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) ஆகியவற்றோடும் பேசுகிறது, அங்கே பெரும்பாலும் சற்றுத் தாமதமானாலும் ஆபத்தில்லை என்பதால் மோட்பஸ் டி.சி.பி., ஈத்தர்நெட்/ஐபி போன்ற தொடர்பு முறைகளே போதும். (ஈத்தர்நெட்/ஐபியில் உள்ள ஐபி இன்டர்நெட் புரோட்டோகால் அன்று, இன்டஸ்ட்ரியல் புரோட்டோகால், நேர்காணலில் மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இது.) எந்தப் பேச்சுக்கு எந்த வழி என்று பிரித்தறிவதே இப்பணியின் முதல் பாடம்.

ஆலோசகர் ஆவதற்கு முன் நானும் இத்தொழிலில் சில ஆண்டுகள் இருந்தவன். ஒரு தொழிற்சாலையில் கன்ட்ரோலர் 1 என்று அனுப்பிய எண் திரையில் 65,536 என்று தெரிய, இரவு முழுவதும் வடத்தை மாற்றினேன், கருவிகளை வலையில் இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினேன், கடைசியில் கன்ட்ரோலரையே சந்தேகித்தேன். மோட்பஸில் எண்ணை வைக்கும் இடமான ரெஜிஸ்டர் ஒவ்வொன்றும் 16 பிட் மட்டுமே கொள்வதால் 32 பிட் எண் இரண்டு ரெஜிஸ்டர்களாகப் பிரிந்து போகிறது. இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் அந்தப் பாதிகளை வெவ்வேறு வரிசையில் படித்தன, அவ்வளவுதான். திரையின் அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றியதும் சரியாயிற்று. கருவிகளின் கையேடுகளைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இந்த வேலை தண்டனை.

தங்கள் மகளுக்கு அந்தப் பழக்கம் உண்டா என்று அறிய, வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையத்துக்குப் பெருந்தொகை கட்ட வேண்டியதில்லை. இரண்டு மடிக்கணினிகளை ஒரு வடத்தால் இணைத்து, 192.168.1.10, 192.168.1.20 என்று முகவரி கொடுத்து, இலவசமாகக் கிடைக்கும் மோட்பஸ் சிமுலேட்டர்களை (கருவிகளைப் போல நடிக்கும் மென்பொருள்கள்) இரண்டிலும் ஓட்டி, மோட்பஸுக்குரிய 502ஆம் போர்ட்டில் என்ன போகிறது என்பதை, வடத்தில் ஓடும் தரவைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, ரிச்சி தெருவில் ஒரு சிறிய நெட்வொர்க் ஸ்விட்ச் வாங்கி வந்து, மூன்றாவதாக ஒரு கருவிக்கு வேண்டுமென்றே அந்த இரண்டில் ஒன்றின் முகவரியையே கொடுத்து, இணைப்பு எப்படித் தடுமாறுகிறது என்று கவனிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இதில் சலிக்காமல் உட்கார்ந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்; மதியத்திற்குள் மூடி வைத்துவிட்டால் மென்பொருள் பக்கமே செல்லட்டும், அதில் குறைவொன்றும் இல்லை.

சம்பளத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: சிறிய இயந்திர நிறுவனங்களில் தொடக்க ஊதியம் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களைவிடக் குறைவு. மேலும், இயந்திரத்தை வாடிக்கையாளரிடம் நிறுவி ஓட்டிக் காட்டும் நாட்களில் ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேறு மாநிலத்திலோ இரவு பகலாக நிற்க நேரும். தங்குமிடம், வாகனம், உடன் வரும் மூத்த பொறியாளர் ஆகியவற்றுக்கு நிறுவனத்தின் ஏற்பாடு என்ன என்று கேட்பது மகனை அனுப்பும் தந்தைக்கும் உரியதே. பயிற்சிக் காலத்தில் குறைந்தது இரண்டு நிறுவனங்களின் கருவிகளைத் தம் கையால் இணைக்க விடுவார்களா, அல்லது பக்கத்தில் நின்று பார்க்கத்தானா என்பதையும் சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கேள்விகளைத் தாங்கள் கேட்க வேண்டாம், ஐயா, அவரே கேட்கட்டும். தாங்கள் உடன் போய் வெளியே காத்திருந்தால் போதும். எஸ்டேட்டில் தேநீர்க் கடைகளுக்குக் குறைவில்லை.